ஒரே நம்பர் பெட்டி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மருமகள் கவிதா நாற்காலி போட்டு ஏறி, அடுப்படிச் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. மெல்போர்னில் குளிர் ஆரம்பித்துவிட்டது, வீட்டில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். வேர்த்தது எனக்கு மட்டும்தான்.

"மாமா, இந்தத் தடவ புரிஞ்சிச்சா? ஒரு மணி நேரம் பின்னாடி."

"புரிஞ்சிச்சுத்தா."

"சும்மா தலையாட்டலயே?"

இல்லை என்றேன். போன வருஷம் இதே நாளில் சும்மாதான் தலையாட்டினேன். ஒரு சின்னப் பெண்ணிடம் போய் எனக்குப் புரியவில்லை என்று சொல்வதா என்ற எண்ணம். அந்தத் தலையாட்டலில் ஒரு உயிர் போயிருக்க வேண்டியது. வருஷம் ஒன்று ஆகியும் எனக்குப் பயம் தெளியவில்லை. இன்னும் கூடித்தான் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவன். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குஜிலியம்பாறை, வேடசந்தூர் பக்கம் கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் கடைசி வரிவரை படித்தே ஆக வேண்டும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பது வருஷம் கடை வைத்திருந்தவன். என் கடை போர்டில் பேர் இருக்காது. ‘எதுவானாலும் பார்க்கப்படும்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். ரேடியோ என்றாலும் பார்த்தேன், டார்ச் லைட் என்றாலும் பார்த்தேன். ஒருத்தர் காது கேட்கிற மெஷினைக் கொண்டுவந்தார், அதையும் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் பொண்டாட்டி சொல்வதெல்லாம் காதில் விழுகிறது என்று என்னிடமே வந்து சண்டை போட்டார்.

முதலில் வால்வு ரேடியோ. அப்புறம் மைக் செட். மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்குப் புளியமரத்து உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் நாலு ஊருக்குக் கேட்கும். அப்புறம் டிவி வந்தது. மெட்ராஸ் டிவி எங்கள் ஊரில் எடுக்காத காலம் அது. இட்லிச் சட்டித் தட்டை அலுமினியக் குழாயில் கட்டி மொட்டை மாடியில் நிறுத்தி, இலங்கை டிவிப் படத்தைத் திண்டுக்கல்லுக்கு வரவழைத்தேன். தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்தேன். கேசட் செத்ததும் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டினேன். தொழில் செத்தால் நானும் செத்தேனா? இல்லை. அடுத்ததைத் திறந்து பார்த்தேன். டிகிரி முடித்த இன்ஜினியர்கள் ரெண்டு பேர் என் கடைக்கு வந்து சந்தேகம் கேட்டுப் போயிருக்கிறார்கள். பொய்யில்லை.

பொழுதுபோக்கும் உண்டு. புறா வளர்த்தேன். அதைவிட, மோட்டார் சத்தம் சேர்த்தேன். சிரிக்காதீர்கள். பேரிங் போன மோட்டார், காற்றுப் பிடித்த மோட்டார், மூணு பேஸ் கரண்டில் ஒன்று வராமல் உறுமுகிற மோட்டார் என்று கேசட் கேசட்டாகப் பதிந்து வைத்திருந்தேன். விவசாயி போனை மோட்டார் பக்கம் காட்டினால் போதும், கடையில் உட்கார்ந்தபடியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

பயம் என்றால் என்னவென்று தெரியாது. வயரில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டர் எடுக்க மாட்டேன், புறங்கை விரலால் தட்டிப் பார்ப்பேன். மூன்று தரம் தூக்கி எறிந்திருக்கிறது. "கரண்டுக்கு என்னையத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவன் கடைசியாகச் செய்ததுதான் அந்தப் பெட்டி. பழைய பட்டன் போன் ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, அதன் மணி அடிக்கிற வயரை மோட்டார் ஸ்டார்ட்டரோடு இணைத்தேன். வீட்டிலிருந்தபடி அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்தில் மோட்டார் ஓடும். அதே நம்பருக்கு இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தால் நிற்கும். போடவும் அணைக்கவும் ஒரே நம்பர். என் பெருமையே அதுதான். படிக்காத சனத்துக்கு ரெண்டு நம்பர் எதற்கு?

குஜிலியம்பாறையில் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து முத்தையா என்னிடம் வாங்காமல் கம்பெனிப் பெட்டி வாங்கினார். அதில் போட ஒரு நம்பர், அணைக்க ஒரு நம்பர். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டேன்.

"என்ன முத்தையா, போடுறதுக்கு ஒரு பொண்டாட்டி, அணைக்கிறதுக்கு ஒரு பொண்டாட்டியா?"

கடையே சிரித்தது. முத்தையா டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு நின்றது.

3

மகன் சரவணன் எங்களை மெல்போர்னுக்குக் கூட்டிவந்து அஞ்சு வருஷம் ஆகிறது. வந்ததும் நிரப்ப ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். படிப்பு என்ன என்று ஒரு கட்டம், லைசன்ஸ் நம்பர் என்ன என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் மகன் கோடு போட்டான். நாற்பது வருஷம் ரெண்டு கோட்டில் அடங்கிப்போச்சு.

ஹாலில் ஒரு பிளக் பாயிண்ட் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். கவிதா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"மாமா! இங்க லைசன்ஸ் இல்லாம இதத் தொடவே கூடாது. சட்டம்."

"ஏத்தா, ஒரு ஸ்க்ரூவத் திருக லைசன்சா?"

"ஆமா மாமா. ஆள் செத்துப்போவாங்க."

"நான் தொட்டு இதுவரைக்கும் எவன் செத்தான்?"

அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டு போனாள். லைசன்ஸ்காரன் மூன்று நாள் கழித்து வந்தான். முதலில் மெயினை அணைத்தான், அதில் ஒரு பூட்டுப் போட்டான், சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டான். அதற்கப்புறம்தான் ஸ்க்ரூவைத் தொட்டான். பூட்டு எங்கள் திண்டுக்கல் பூட்டுக்குக் கால் தூசி பெறாது. பேத்தி பக்கத்தில் நின்று இங்கிலீஷில் அவனோடு சிரித்துப் பேசினாள். தாத்தா இதையெல்லாம் செய்தவர் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாளா, வேறு ஏதாவது சொன்னாளா, தெரியாது. அவளுக்கு என் பேச்சு புரியும், வாயில்தான் வராது. எனக்கு அவள் பேச்சு புரியவே புரியாது. இவ்வளவு பயந்த ஊரா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சும்மா இருக்கக் கை கேட்கவில்லை. போன வருஷம் தை மாதம் ஊருக்குப் போனபோது குஜிலியம்பாறைத் தோட்டத்தில் எங்கள் கிணற்றுக்கும் ஒரு பெட்டி மாட்டிவிட்டு வந்தேன். தோட்டத்தைப் பார்ப்பவன் சின்னப்பாண்டி, என் மனைவி ராசாத்தியின் தம்பி. தாய் இல்லாத அவனை இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இவளுக்கு அவன் தம்பி இல்லை, தலைப்பிள்ளை.

அதிலிருந்து தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்து மிஸ்டு கால் கொடுப்பேன். ஊரில் அப்போது காலை ஆறரை. முருங்கைக்குத் தண்ணீர் பாயும். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒன்று, மோட்டார் நிற்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இங்கே இருந்து குஜிலியம்பாறையில் மோட்டார் போடுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று சொல்வேன். சின்னப்பாண்டி கிண்டல் பண்ணுவான்.

"நீங்க போட்டாத்தான் மச்சான் தண்ணி இனிக்குது. நான் போட்டா உப்புக் கரிக்குது."

4

பங்குனியில் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்விடும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டாரின் சல்லடையில் பாசியும் இலையும் அடைக்கும். அதனால் தினமும் ஏழேகாலுக்கு மோட்டார் நின்றதும் சின்னப்பாண்டி இறங்குவான். மோட்டாரைக் கட்டிப்பிடித்து, தலையை முக்கி, சல்லடையைக் கழற்ற வேண்டும். அரை மணி வேலை. அந்த மோட்டாரின் வயர் ஜாயிண்ட் நான் டேப் சுற்றியது. நாளாச்சு, மோட்டார் ஓடினால் கரண்டு தண்ணீரில் கசியலாம்.

இந்த நாட்டில் வெயில் காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், குளிர் வரும்போது பழையபடி பின்னால் இழுப்பார்கள். நாலு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். எனக்கு வேலையா வெட்டியா, எதற்குக் கவலை? அந்த ஞாயிற்றுக்கிழமையும் கவிதா சொன்னாள், நான் தலையாட்டினேன்.

பன்னிரண்டு அடித்தது. நம்பரைப் போட்டேன். நாலு தடவை மணி அடித்தது, கட் பண்ணினேன். வழக்கம்போலப் போனில் ஊர் ரேடியோவை வைத்தேன். எந்த நேரத்துக்கு எந்தக் குரல் வரும் என்பது எனக்கு மனப்பாடம். மிஸ்டு கால் கொடுத்து முடிக்கவும் சாமிப் பாட்டு ஓட வேண்டும். அன்றைக்கு ஒரு அம்மா சந்தை விலை சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வெங்காயம், முருங்கை, தக்காளி.

அது ஏழரை மணி நிகழ்ச்சி.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கவிதா காலையில் நாற்காலி போட்டு ஏறியது ஞாபகம் வந்தது. ஊரில் இப்போது ஏழரை. சின்னப்பாண்டி தண்ணீருக்குள் இருக்கிறான். நான் மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

அவன் போனுக்கு அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. இறங்கும்போது போனைச் சட்டைக்குள் சுருட்டி மேலே வைத்துவிட்டுத்தான் போவான். எடுக்கவில்லை என்றால் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

பெட்டி நம்பருக்கு இன்னொரு கால் கொடுத்து நிறுத்திவிடலாம். விரல் அந்த நம்பர்மேல் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. ஆறரைக்கு நான் போடாததால் அவனே பட்டனைத் தட்டி ஓட்டியிருந்தால்? அது இன்னும் ஓடிக்கொண்டிருந்திருந்தால், நான் கொடுத்த கால் அதை நிறுத்தியிருக்கும், நின்றதும் அவன் இறங்கியிருப்பான். இப்போது அடித்தால் மறுபடி ஓடும். ஓட்டி நிறுத்திவிட்டு இறங்கியிருந்தால், என் கால் மோட்டாரைப் போட்டிருக்கும். இப்போது அடித்தால் நிற்கும். எது? மணி அடித்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கிற போனுக்குத் தனி பாட்டரி, எப்போதும் மணி அடிக்கும். அடித்தாலும் கொலை, அடிக்காவிட்டாலும் கொலை. என் விரல் அந்தரத்திலேயே நின்றது. நாற்பது வருஷம் வயரைத் தட்டிப் பார்த்த விரல்.

ராசாத்தி மேடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"குளிரு."

"தம்பி பேசுனானா?"

"பேசுவான்."

கவிதாவைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன். பிள்ளைக்குக் கண் பெரிதாகிவிட்டது.

"சரி மாமா, பதறாதீங்க. ஆஃப் பண்ற நம்பர் எது? அதுக்கு அடிப்போம்."

நான் கையிலிருந்த போனைப் பார்த்தேன்.

"ஆஃப் நம்பர் மாமா!"

"இல்லத்தா. ஒரே நம்பர்தான்."

"ஏன்?"

டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது.

"பக்கத்துத் தோட்டத்துல யாரு? அவங்க நம்பர் இருக்கா?"

முத்தையா நம்பர் என்னிடம் கிடையாது. டீக்கடையோடு அழித்துவிட்டேன். அவர் சம்சாரம் பழனியம்மாளோடு ராசாத்தி எனக்குத் தெரியாமல் பேசுவாள் என்பது எனக்குத் தெரியும். நம்பர் இருக்கிற இடம் அது ஒன்றுதான். அதை வாங்க வேண்டும் என்றால், உன் தம்பியை நான் கொன்றிருப்பேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

5

சொன்னேன்.

அவள் அழவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யக்கா, ராசாத்தி பேசுறேன்."

"அட, வெளிநாட்டுக்காரியா! காப்பி குடிச்சியா?"

"யக்கா, எங்க கெணத்துக்கு ஓடு. தம்பி உள்ள இருக்கானான்னு பாரு. தண்ணியத் தொட்ராத."

"என்னடி ஆச்சு?"

"ஓடிக்கிட்டே கேளு!"

பழனியம்மாள் ஓடினாள். மூச்சு கேட்டது. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே கூட வந்தது. நான் போனில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். மோட்டார் ஓடினால் அந்த உறுமல் எனக்கு அரை மைலுக்குத் தெரியும். தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும் வரும். இரண்டும் வரவில்லை. அது எனக்கு நிம்மதி தரவில்லை. ஒரு உடம்பில் பாய்ந்து லைன் டிரிப் ஆகி மோட்டார் நின்றாலும் சத்தம் இருக்காது. அந்த மாதிரி அமைதி என் கேசட்டில் ஒன்றுகூட இல்லை.

"மெயினக் கீழ இழுக்கச் சொல்லு" என்றேன்.

"மோட்டார் ரூம் பூட்டிக் கெடக்குடி" என்றாள் பழனியம்மாள். "கல்லால போட்டுப் பாக்கவா?"

எங்கள் ஊர்ப் பூட்டு. கல்லுக்கு அசையாது. எத்தனை பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"கெணத்தப் பாருக்கா!"

"ஏலே சின்னப்பாண்டி! ஏலே! …ஆளக் காணோம்டி. சட்டை இந்தா மேல கெடக்கு."

ராசாத்தி என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடித்த பிடி இல்லை. நகம் உள்ளே இறங்கியது.

"ஏலே! …தண்ணி மட்டும் அலையுது. நொர நொரயா வருது. ஐயோ சாமி… இருடி. இரு இரு. தல தெரியுது."

கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலியோடு ஒரு குரல் வந்தது.

"என்னக்கா, காலங்காத்தால எழவு விழுந்த மாதிரி கத்துற?"

ராசாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏறி மேலே வந்து போனை வாங்கச் செத்த நேரம் ஆனது.

"என்ன மச்சான்? ஆறரைக்கு உங்க கால் வரல. சரி, பெரிய மனுசன் அசந்துட்டாருன்னு நானே ஓட்டி நிறுத்திட்டு எறங்குனேன்."

"மாப்ளே, நீ தண்ணிக்குள்ள இருக்கயில பெட்டிக்கு அடிச்சுட்டேன்டா."

அவன் மேலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"அடிச்சா என்ன? பீஸ் கேரியர் மூணும் என் மடியில கெடக்கு."

பீஸ் கேரியர் என்றால், மெயின் போர்டில் பீஸ் கம்பி கட்டிச் சொருகி வைக்கிற பீங்கான் கட்டை. மூன்றையும் பிடுங்கிவிட்டால் அந்தப் பக்கம் கரண்டு போக வழியே கிடையாது.

"எப்பருந்துடா?"

"நீங்க பெட்டிய மாட்டுன அன்னைலருந்து. புடுங்கி மடியில கட்டி, ரூமையும் பூட்டிட்டுத்தான் எறங்குவேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையேடா."

"இம்புட்டுப் பெரிய விஞ்ஞானிகிட்ட, உங்க பெட்டி மேல நம்பிக்கை இல்லன்னு எப்புடிச் சொல்றது? மனசு சங்கடப்படும்ல?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ராசாத்தி போனை வாங்கி அவனிடம் சாப்பிட்டானா என்று கேட்டாள், வைத்தாள். மறுபடி கத்தியை எடுத்தாள்.

"அவன் உங்கள நம்பல. அதான் இருக்கான்" என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

6

முத்தையாவுக்கு நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அந்தப் பேச்ச நான் அன்னைக்கே மறந்துட்டேன்யா" என்றார். மறக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. சின்னப்பாண்டியிடம் எங்கள் கிணற்றுப் பெட்டியைக் கழற்றி எறியச் சொன்னேன். அதோடு முடிந்தது என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் சோற்றில் கை வைத்தபோது நினைவு வந்தது. அந்த மாதிரி அறுபத்துமூன்று பெட்டி செய்து மாட்டியிருக்கிறேன்.

சின்னப்பாண்டி தன் வண்டியில் ஊர் ஊராகப் போனான். வாய்வழி கேட்டுக் கேட்டு நாற்பத்தொரு பெட்டியைக் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டான். மீதி இருபத்திரண்டு எங்கே என்று தெரியவில்லை. தோட்டம் கைமாறியிருக்கும், குத்தகைக்குப் போயிருக்கும். என் நோட்டில் ஆள் பேர் கிடையாது. ‘மேட்டுக் கெணறு’, ‘ரெட்டைப் பனை’ என்றுதான் எழுதியிருப்பேன். எத்தனை மேட்டுக் கிணறு, எத்தனை ரெட்டைப் பனை!

நம்பர் இருக்கிறது. இருபத்திரண்டு நம்பரும் இதோ என் முன்னால் இருக்கின்றன. கவிதா கேட்டாள், "கூப்பிட்டுச் சொல்லிரலாமே மாமா?" நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவை ஆள் நம்பர் இல்லை, பெட்டி நம்பர். நான் கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். மோட்டார்தான் ஓடும். இங்கே அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, எவன் எந்தக் கிணற்றில் தலையை முக்கியிருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்ல முடியாத செய்தி இது.

என் பெட்டி பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி. மூடியின் வலது மூலையில் வெள்ளையில் சின்னதாக ஒரு புறா வரைந்திருப்பேன், என் கையெழுத்து அது. உங்கள் கிணற்றில் அந்தப் புறாவைப் பார்த்தால் தயவுசெய்து பெட்டியைக் கழற்றி எறியுங்கள். கழற்றும்வரைக்கும், இறங்குவதற்கு முன்னால் மூன்று பீஸ் கேரியரையும் பிடுங்கி மடியில் கட்டுங்கள், மோட்டார் ரூமைப் பூட்டுங்கள், சாவியைக் கையோடு கொண்டுபோங்கள். வேறு எவன் கையிலும் கொடுக்காதீர்கள்.

நான் அந்த நம்பர்களைக் கூப்பிட மாட்டேன். நோட்டை ராசாத்தியிடம் கொடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லப்போகிறேன். ஆனால் பெட்டிக்குள் இருப்பது போன். ராங் நம்பர் வரும். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண் எங்கிருந்தோ அடிப்பாள். நாலு தடவை மணி அடித்தால் போதும்.